ஸ்காபரோவுக்கு வந்த செல்கி

ஜெயந்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் சாம்பல் நிறக் கடல்நாய்த் தோல் கிடந்தது.

"நான் மேடையில ஏறமாட்டன் அக்கா," என்றாள்.

எனக்கு மீசை பாதிதான் ஒட்டியிருந்தது. மடித்துக் கட்டிய சாரமும் தலையில் துண்டுமாக, மீனவன் வேஷத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். சுவருக்கு அப்பால் சலங்கைச் சத்தம் வேகம் பிடித்துவிட்டது. அந்த நடனம் முடிந்தால் அடுத்தது எங்கள் நாடகம்.

ஸ்காபரோவில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் சங்கீத அறை அது. வயலின் மெழுகின் மணமும், யாரோ கொண்டுவந்து வைத்திருந்த மீன் ரோல்ஸின் மணமும் கலந்து வந்தன. வாசலோரம் நனைந்த சப்பாத்துகள் குவிந்து, அவற்றிலிருந்து உருகிய பனி ஒரு சின்ன வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்ச் மாதம். எந்த வருடம் என்று என் மகளைக் கேட்டால் ஒன்று சொல்வாள், நான் ஒன்று சொல்வேன். விட்டுவிடுவோம்.

"ஏன் ஜெயந்தி, என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

அவள் தோலின் மயிரை ஒரு பக்கமாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தோல் எப்படி எங்களிடம் வந்தது என்று சொல்லாமல் இந்தக் கதை விளங்காது.

பாண் பக்டரியின் மூலை மேசை

இந்தத் தொடரில் சென்ற வாரம், எனக்குப் பாண் பக்டரியில், அதாவது ரொட்டித் தொழிற்சாலையில், வேலை கிடைத்ததைச் சொல்லியிருந்தேன். காலை ஷிப்ட். சுடச்சுட வரும் பாணை வெட்டும் இயந்திரம் ஒரு பக்கம், பையில் போட்டுக் கட்டும் நாங்கள் மறுபக்கம். வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினாலும் ஈஸ்ட் மணம் போகாது.

மதியச் சாப்பாட்டு அறையில் மூலை மேசை எங்களுடையது. நான், ஜெயந்தி, மோராக்.

மோராக் ஸ்கொட்லாந்துக்காரி. அந்த நாட்டுக்கு வடக்கே கடலுக்குள் கிடக்கும் ஓர்க்னித் தீவுகளில் ஒன்றில் பிறந்தவள். தகப்பன் மீன்பிடிகாரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கணவனை விட்டுப் பிரிந்து, ஓட்டை விழுந்த ஒரு காரும் ஒரு பூனையுமாக வாழ்ந்தாள். அவளுடைய ஆங்கிலம் எங்கள் மேற்பார்வையாளருக்கே பாதி விளங்காது. எங்களுக்கு விளங்கியது. அவளும் எங்களைப்போல 'ர'வை உருட்டிச் சொல்வாள். நாங்கள் பேசும் ஓட்டை ஆங்கிலமும் அவளுக்கு விளங்கியது. அவள் சொன்னவை எல்லாம் என் மனதில் தமிழிலேயே பதிந்துவிட்டன. அப்படியே தருகிறேன்.

ஒரு நாள் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மோராக் தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி கேட்டாள்: "உங்கள் ஊரில் தண்ணிக்குள் இழுத்துப்போகும் குதிரை உண்டா?"

நானும் ஜெயந்தியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

குதிரை, வீட்டுப்பேய், சலவைக்காரி

அப்படித் தொடங்கியதுதான்.

அந்தக் குதிரையின் பெயர் கெல்பி. ஏரிக்கரையில் சேணம் இல்லாமல் அழகாக நிற்குமாம். பிள்ளைகள் ஆசைப்பட்டு முதுகில் ஏறுவார்கள். எத்தனை பேர் ஏறினாலும் முதுகு நீண்டுகொண்டே போகும். ஏறியவர்களின் கைகள் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரே பாய்ச்சல், தண்ணீருக்குள். விரலால் மட்டும் தொட்ட ஒரு பையன், அந்த விரலைத் தானே வெட்டிவிட்டுத் தப்பினானாம்.

"எங்கட குளத்தில முனி இருக்கு. ஆனால் அது இவ்வளவு மினக்கெடாது. பயப்படுத்திப்போட்டு விட்டிடும்," என்றாள் ஜெயந்தி. நான் மொழிபெயர்த்தேன். மோராக் மேசையில் தட்டிச் சிரித்தாள்.

பிரௌனி என்று ஒன்று. வீட்டுப்பேய். இரவில் வந்து வீட்டைக் கூட்டி, மாவரைத்து, பாத்திரம் கழுவிவிட்டுப் போகும். ஒரு கிண்ணம் பால் வைத்தால் போதும். ஆனால் இரக்கப்பட்டு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தால், ரோஷப்பட்டு அன்றோடு போய்விடும்.

"சம்பளம் இல்லாமலோ? இந்தக் கதையை மனேஜருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, நாளைக்கே எங்களை நிப்பாட்டிப்போடுவான்," என்றாள் ஜெயந்தி.

அவள் அப்படித்தான். முகத்தில் சிரிப்பே காட்டாமல் மற்றவர்களைச் சிரிக்கவைப்பாள். குரல் மட்டும் பெரியது. அத்தனை இயந்திரச் சத்தத்துக்கு மேலாலும் அவள் கூப்பிட்டால் அடுத்த வரிசைக்குக் கேட்கும்.

ஒரு கதையை மட்டும் மோராக் பாதியில் நிறுத்தினாள். ஆற்றின் துறையில் ஒரு பெண் உட்கார்ந்து துணி துவைப்பாளாம். சண்டைக்குப் போய்ச் சாகப்போகிறவர்களின் சட்டைகள் அவை. அந்த வாரம், போர் நடந்துகொண்டிருந்த எங்கள் ஊரிலிருந்து நல்ல செய்தி எதுவும் வரவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்த மோராக் கோப்பையைக் கீழே வைத்தாள். "இது வேண்டாம்," என்றாள். அதற்குப் பிறகு அந்தச் சலவைக்காரி எங்கள் மேசைக்கு வரவேயில்லை.

ஸ்கொட்லாந்தில் சுற்றுலாக்காரர் எல்லோரும் தேடிப்போகும் ஏரிப் பூதம் ஒன்றைப் பற்றிக் கேட்டேன். மோராக் உதட்டைச் சுழித்தாள். "அதற்கென்ன, நீளக் கழுத்து. அவ்வளவுதான். எங்கள் தீவில் உண்மையான சனங்கள் இருந்தார்கள். செல்கிகள்."

தோலை ஒளித்தவன்

செல்கிகள் கடலில் இருக்கும்போது கடல்நாய்கள். கரையேறித் தோலைக் கழற்றி வைத்தால் மனிதர்கள்.

ஒரு மீனவன் பாறைக்குப் பின்னால் நின்று செல்கிப் பெண் ஒருத்தியைப் பார்த்துவிடுகிறான். அவள் கழற்றி வைத்த தோலை எடுத்து ஒளித்துவிடுகிறான். தோல் இல்லாமல் அவளால் கடலுக்குத் திரும்ப முடியாது. அவனோடு போகிறாள். மனைவியாகிறாள். பிள்ளை பெறுகிறாள். அடுப்பு மூட்டுகிறாள். ஆனால் காற்றடிக்கும் நாட்களில் வாசலில் நின்று கடலைப் பார்ப்பாள். பல வருடங்களுக்குப் பிறகு அவளுடைய மகளே கூரைக்குள் அந்தத் தோலைக் கண்டெடுத்து, "அம்மா, இதென்ன இவ்வளவு மெத்தென்று இருக்குது?" என்று கொண்டுவருகிறாள். தாய் மகளை முத்தமிட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறாள்.

மோராக் சொல்லி முடித்தபோது ஜெயந்தி சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து வேலைக்குப் போய்விட்டாள்.

எனக்கோ அன்று முழுக்கக் கையில் பாண் நிற்கவில்லை. ஊரில் கல்லூரிக் காலத்தில் நாடகம் எழுதிப் பழகியவள் நான். இங்கு வந்தபின் எழுதவே இல்லை. எங்கள் கலைவிழாக்களில் ராசாவும் மந்திரியும் அட்டை வாளோடு வருவார்கள். இல்லாவிட்டால் மாமியாரும் மருமகளும் சண்டை பிடிப்பார்கள். இந்தக் கதையை மேடையில் ஏற்றவேண்டும் என்ற எண்ணம் அன்று பிடித்துக்கொண்டது.

இரண்டு வாரத்தில் எழுதி முடித்தேன். மீனவன் நான். மகள் வேஷம் என் மகள் துளசிக்கு. செல்கிக்கு ஜெயந்தியைக் கேட்டேன்.

"அந்தப் பொம்பிளை நானோ?" என்றாள்.

"ஓம். உம்மட குரல் எனக்கு வேணும்."

"சரி," என்றாள்.

மோராக் தன்னுடைய பழைய ரோமக் கோட்டைத் தந்தாள். அதை வெட்டிப் பிரித்துத் தோலாகத் தைத்தோம். அலைச் சத்தத்துக்கு அவளே வந்தாள், பக்டரியில் கழித்துவிட்ட பெரிய பாண் தட்டு ஒன்றோடு. அதை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் அறைக்குள் கடல் வந்து மோதுவதுபோல இருக்கும்.

"எங்கட சனம் ஏற்காது"

கலைவிழாவின் பொறுப்பாளர் துரை அண்ணை. நல்ல மனிதர். ஊரில் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். இங்கேயும் எல்லாம் ஒழுங்காக, நேரத்துக்கு நடக்கவேண்டும் அவருக்கு. ஒரு குழு விலகியதால் அந்த இடத்தை எங்களுக்குத் தந்திருந்தார். வோபர்னில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், பிறந்தநாள் விருந்துகளுக்கு விடும் கூடத்தில்தான் ஒத்திகை. ஒரு ஞாயிறு பின்னேரம் பார்க்க வந்தார். கடைசிவரை கை கட்டியபடி பார்த்தார்.

"கதை நல்லாயிருக்குத் தங்கச்சி. முடிவுதான் சரிவராது."

"ஏன் அண்ணை?"

"கடைசியில அவ தோலை எறிஞ்சுபோட்டுத் திரும்பி ஓடிவரவேணும். பிள்ளையைக் கட்டிப்பிடிக்கவேணும். சனம் கை தட்டும். இப்பிடிப் பிள்ளையை விட்டிட்டுப் போனால் எங்கட சனம் ஏற்காது. உவளும் ஒரு தாயோ எண்டு கேக்கும்."

ஜெயந்தியைப் பற்றி அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவளுடைய கணவர் ஊரிலேயே இறந்துவிட்டார். ஒரே மகன் கபிலனைக் கொழும்பில் தன் அக்காவிடம் விட்டுவிட்டு, ஏஜென்சிக்காரன் காட்டிய வழியில் தனியாக வந்தவள். வந்து வருடங்கள் போய்விட்டன. பையனை ஸ்பொன்சர் செய்து கூப்பிட இவளுடைய குடியுரிமை அலுவல் ஒரு படி நகர்ந்தால் இரண்டு படி சறுக்கியது.

அவள் தோலை மடித்துக் கதிரையில் வைத்தாள். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பஸ் தரிப்புக்கு நடந்துவிட்டாள்.

நாடகம் அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அவள் பிறகு என்ன செய்தாள்?

மறுநாள் மதியம் ஜெயந்தி சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. மோராக்கின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். என்னை மொழிபெயர்க்க விடாமல், தன்னிடம் இருந்த ஆங்கிலத்திலேயே கேட்டாள்.

"கடலுக்குப் போனாள். பிறகு? பிறகு என்ன செய்தாள்?"

மோராக் வாயிலிருந்த சாண்ட்விச்சை விழுங்கினாள்.

"கதை சொல்கிறவர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் எங்கள் அம்மா நிறுத்தமாட்டா. அந்தப் பிள்ளை கரைக்கு வரும் நாளெல்லாம் ஒரு கடல்நாய் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கிப் பார்க்குமாம். மீன் கூட்டத்தை விரட்டி விரட்டி அந்த வீட்டு வலைக்குள் விடுமாம். ஊரே பட்டினி கிடந்த குளிர்காலத்திலும் அந்த வீட்டு வலை வெறுமையாக வந்ததில்லை என்று அம்மா சொல்லுவா."

ஜெயந்தி என் பக்கம் திரும்பினாள். கண்கள் மின்னின.

"அக்கா, உதை எழுதுங்கோ. உதுதான் முடிவு."

"துரை அண்ணை?"

"அவரோட நான் கதைக்கிறன்."

அன்று பின்னேரமே துரை அண்ணையின் வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி கொண்டுவந்த கோப்பியை ஜெயந்தி கையில் எடுக்கவில்லை.

"அண்ணை, நான் என்ர பிள்ளையை விட்டிட்டு வந்தனான். நித்திரையா இருக்கேக்க. எழுப்பினால் என்னால வெளிக்கிடேலாது எண்டு எழுப்பேல்லை. இப்ப ரெண்டு ஷிப்டிலும் வேலை செய்யிறன், அவன்ர சாப்பாடும் பள்ளிக்கூடமும் இஞ்ச இருந்துதான் போகுது. நானும் ஒரு தாயோ எண்டு நீங்கள் சொல்லுங்கோ."

துரை அண்ணை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டார். மனைவி சமையலறை வாசலில் அப்படியே நின்றா.

"உங்கட முடிவிலயே செய்யுங்கோ தங்கச்சி," என்றார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவர்போல, "ஆனால் பெயரை மட்டும் மாத்தவேணும். 'கடல்நாய்ப் பெண்' எண்டு நோட்டீசில போடேலாது. ஆரையோ ஏசுற மாதிரிக் கிடக்குது," என்றார்.

ஜெயந்திதான் முதலில் சிரித்தாள். 'கடல்மகள்' என்று பெயர் வைத்தோம்.

சங்கீத அறையில்

இவ்வளவும் கடந்து வந்தவள்தான் அன்று தரையில் உட்கார்ந்து ஏறமாட்டேன் என்றாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெல்லச் சொன்னாள்.

"விடியப் போன் எடுத்தனான் அக்கா. இண்டைக்கு நாடகம் நடிக்கிறன் எண்டு அவனுக்குச் சொல்ல. அவன் போனை வாங்கமாட்டன் எண்டிட்டான். பின்னால நிண்டு கத்தினது கேட்டது. எனக்கு அம்மா தேவையில்லை, எனக்குப் பெரியம்மா இருக்கிறா எண்டு."

பாண் தட்டோடு நின்ற மோராக் என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன்.

"எப்படிச் சொன்னான்? சும்மா சொன்னானா, கோபமாகச் சொன்னானா?" என்று கேட்டாள் மோராக்.

"கோபமாய். கத்தினவன்," என்றாள் ஜெயந்தி.

"நல்லது," என்றாள் மோராக்.

எனக்கே கோபம் வந்தது. இதில் என்ன நல்லது? ஜெயந்தி நிமிர்ந்து மோராக்கைப் பார்த்தாள். வெளியே சலங்கை நின்று கைதட்டல் எழுந்தது. கதவைத் திறந்த துரை அண்ணை, கைக்கடிகாரத்தைப் பார்க்க மறந்து அப்படியே நின்றார்.

ஜெயந்தியின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மாறியது.

"மறந்த ஆளோட ஆரும் கோவிக்கமாட்டினம், என்னக்கா?"

"கோவிக்கமாட்டினம்," என்றேன்.

"அப்ப அவன் என்னை மறக்கேல்லை."

எழுந்தாள். சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தாள். தோலைத் தோளில் போட்டாள். "மீசையை ஒழுங்கா ஒட்டுங்கோ," என்று எனக்குச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

மேடை

மீசையை நான் ஒழுங்காக ஒட்டவில்லை. தோலை ஒளிக்கும் காட்சியிலேயே ஒரு பக்கம் கழன்று தொங்கியது. முன்வரிசையில் ஒரு கூட்டம் வெடித்துச் சிரித்தது. நான் மீசையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டு தொடர்ந்தேன். நடுவில் ஜெயந்தி வாய் திறந்தாள். அத்தோடு சிரிப்பு அடங்கியது.

கடலைப் பார்த்து அவள் பேசும் இடத்தில், கூடத்தில் கைக்குழந்தைகளின் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. மோராக்கின் தட்டிலிருந்து அலை எழுந்து எழுந்து விழுந்தது.

துளசி தோலைக் கொண்டுவந்தாள். இனி ஜெயந்தி அவளை முத்தமிட்டுவிட்டு நேரே போகவேண்டும். ஒத்திகைகளில் எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவாள். அன்று நின்றாள். முழந்தாளிட்டு, துளசியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தாள். நான் எழுதாத ஒரு வசனத்தைச் சொன்னாள்.

"அம்மா முன்னுக்குப் போறன் குஞ்சு. நீ பின்னால வா."

துளசிக்கு எழுதிக்கொடுத்த வசனம் வேறு. "ஓகே அம்மா," என்றாள். ஸ்கொட்லாந்துக் கடற்கரையில் நின்று ஒரு ஸ்காபரோப் பிள்ளை சொன்ன பதில் அது. ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசிக் காட்சியில் துளசி வலையை வீசினாள். அலைகளாகக் கட்டிய நீலச் சேலைகளுக்குப் பின்னாலிருந்து, வெள்ளி நிறத் தாளில் வெட்டிய மீன்களை ஜெயந்தி வலைக்குள் தள்ளினாள். தள்ளித் தள்ளி, வலை நிரம்பி, மீன்கள் மேடை விளிம்பால் வழிந்து முன்வரிசையின் மடிகளில் விழுந்தன. ஜெயந்தி அலைகளுக்கு மேலே தலையைத் தூக்கிப் பார்த்தாள். விளக்கு அணைந்தது.

ஒரு கணம் ஒன்றுமில்லை.

பிறகு வந்த சத்தத்தை நான் இன்றைக்கும் காதில் வைத்திருக்கிறேன். கைதட்டல், விசில், கதிரைகள் மடங்கும் சத்தம். விளக்கு வந்தபோது கூடம் முழுவதும் எழுந்து நின்றது. ஆண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு கைதட்டினார்கள். மோராக் திரைக்குப் பின்னால் தட்டை வானத்துக்குத் தூக்கி அடித்துக்கொண்டே இருந்தாள். புயலே வந்துவிட்டது. நான் அவளையும் மேடைக்கு இழுத்துவந்தேன்.

வெளி நடைபாதையில் சனம் ஜெயந்தியைச் சூழ்ந்துகொண்டது. பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தோம். ஆனால் வந்தவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பெயர்களைத்தான் சொன்னார்கள்.

"என்ர மூத்தவள், வவுனியாவில. சுபாசினி."

"எனக்கு அம்மா, தங்கச்சி. உரும்பிராயில."

"மகன். பிரகாஸ். பாங்கொக்கில நிக்கிறான், இன்னும் வந்து சேரேல்லை."

ஜெயந்தி ஒவ்வொரு பெயரையும் கேட்டுத் தலையசைத்தாள். பிறகு தன்னுடையதைச் சொன்னாள். "எனக்குக் கபிலன்." அதுவரை பக்டரியில் எங்கள் மேசையைத் தவிர வேறெங்கும் அவள் அந்தப் பெயரை உரத்துச் சொன்னதில்லை.

துரை அண்ணை கடைசியாக வந்தார். "தங்கச்சியவை, ரெக்ஸ்டேல் ஆக்கள் கேக்கினம், மொன்றியல் ஆக்களும் கேக்கினம். எப்ப வசதி?" என்றார். இரண்டு இடத்திலும் நாடகத்தைப் போட்டோம். மொன்றியலுக்கு மோராக்கின் ஓட்டைக் காரில்தான் போனோம். வழி முழுக்கப் பாட்டு.

விமான நிலையம்

அடுத்த வருடம் ஜெயந்தியின் அலுவல் ஒருவழியாகச் சரிவந்து, கோடையில் கபிலன் வந்தான். கூட்டிவர நாங்கள் மூவரும் போனோம். ஜெயந்தி மயில்நீலச் சேலை கட்டியிருந்தாள். மோராக் அன்றைக்கென்று தலைமயிரைச் சுருட்டியிருந்தாள்.

கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. கடைசியில், தோளில் ஒரு பையும் முகத்தில் மெல்லிய மீசைக் கோடுமாக, உயரமாக ஒரு பையன் வந்தான். தள்ளியே நின்றான். ஜெயந்தியும் நின்ற இடத்தில் நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் வண்டில்களைத் தள்ளிக்கொண்டு சனம் போய்க்கொண்டிருந்தது.

அவன் மெல்ல நடந்து அவள் முன்னால் வந்தான். அவள் இப்போது அவன் தோளுயரம்தான்; குனிந்து பார்த்தான். கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"நீங்கள் ஏன் இவ்வளவு கட்டையாப் போனியள், அம்மா?" என்றான்.

ஜெயந்தி சிரித்தாள். பாண் பக்டரியின் அத்தனை இயந்திரங்களுக்கும் மேலாகக் கேட்கும் அந்தக் குரலில், அழுதுகொண்டே, விமான நிலையம் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.